பேய்த்தொடரும் கண்டோர் கூற்றும்



மொழியைப் போற்றும் மேடையில் பேய்த்தொடரைப் பற்றிப் பேசுவதா என்று இவ்வவையில் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் நாம் பேச வந்தது தொடரைப் பற்றி அன்று. அதைப் பார்த்துவிட்டு மறுநாள் கூடிப் பேசுகின்றவர்களைப் பற்றி. கதையில் வரும் மாந்தரும் ஆவிகளும் நாகங்களும் யாரோடு யார் சேர வேண்டும் என்று அவர்கள் நடத்தும் வழக்கைப் பற்றி. அவ்வழக்கு எந்த மொழியில் நடக்கிறது என்பதே நம் கவலை.

2017ஆம் ஆண்டு ஜீ தமிழ் அலைவரிசையில் தொடங்கி 2021 வரை ஒளிபரப்பான ‘யாரடி நீ மோகினி’ என்னும் தொடரை இங்குள்ளோர் பலர் அறிவீர்கள். முத்தரசன் மனைவியை இழந்தவன். இறந்த மனைவி சித்ரா, ஆவியாகிக் கணவனையும் குழந்தையையும் காத்து நிற்கிறாள். உறவுப்பெண்ணான வெண்ணிலா அவன்மேல் உள்ளன்பு கொண்டிருக்கிறாள். சுவேதா என்பவளோ நல்லவள்போல் நடித்து அவனை மணக்க முனைகிறாள். இறந்தவளின் துணை வெண்ணிலாவுக்கே கிடைக்கிறது. கதை இவ்வளவுதான். இதை நான்கு ஆண்டுகள் இழுத்தார்கள் என்பது வேறு செய்தி.

ஆனால் இவ்வளவு எளிய கதையை வைத்துக்கொண்டு நம் வீடுகளில் நடந்த உரையாடல் எளியதாக இல்லை. ஜொகூர் பாருவிலும் மாசாயிலும் குளுவாங்கிலும் இரவு உணவு முடிந்தபின் ஆஸ்ட்ரோ வழியே தமிழ்நாட்டுத் தொடர்களைப் பார்க்கும் வீடுகளில் பாட்டி ஒரு கட்சி, தாய் ஒரு கட்சி, பள்ளி செல்லும் பெண் ஒரு கட்சி. வெண்ணிலா பொறுமைசாலி, அவளுக்குத்தான் அவன் என்பார் ஒருவர். முதல் மனைவியின் ஆவி வீட்டிலேயே இருக்கையில் மறுமணம் எதற்கு என்பார் மற்றொருவர். பிள்ளைக்கு யார் நல்லவளோ அவளே உரியவள் என்பார் இன்னொருவர். இவை எல்லாவற்றையும் விட ஆழமான கேள்வியைப் பெரும்பாலும் சிறியவர்களே கேட்கிறார்கள்: இறந்துபோனவளுக்குத் தன் கணவனை வேறொருத்தியிடம் ஒப்படைக்கும் உரிமை உண்டா? ஒப்படைப்பதற்கு அவன் என்ன பொருளா? இக்கேள்வியை ஒரு மாணவி தேர்வுத்தாளில் எழுதியிருந்தால் நாம் அதனைத் திறனாய்வு என்றே மதித்திருப்போம். சோற்றுத்தட்டின் முன் அமர்ந்து கேட்டதால் அரட்டை என்கிறோம்.

இவ்வகைத் தொடர்கள் தமிழுக்குப் புதியவை அல்ல. 1990களில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ சன் தொலைக்காட்சியில் வந்தது. அதன் ‘விடாது கருப்பு’ப் பகுதியில் குதிரைமேல் வரும் கருப்பசாமியைக் கண்டு அஞ்சியவர்கள் இன்று பெற்றோராக இவ்வவையில் இருக்கலாம். அதில் நடித்த சேத்தனும் தேவதர்சினியும் பின்னர் வாழ்க்கையிலும் இணைந்தபோது நேயர்கள் தாமே முன்னின்று மணம் முடித்ததுபோல் மகிழ்ந்தனர். 2015இல் இந்தியில் தொடங்கிய ‘நாகின்’ நம்மிடம் ‘நாகினி’யாக வந்தது. பெற்றோரைக் கொன்றவர்களைப் பழிவாங்க வந்த நாகப்பெண் அவ்வீட்டு மகனையே மணந்து அவன்மேல் காதலும் கொள்கிறாள். பழி பெரிதா, காதல் பெரிதா? இங்கும் வீட்டுக்கு வீடு கட்சி பிரிந்தது. 2017இல் சுந்தர் சி. உருவாக்கிய ‘நந்தினி’யும் நாகக்கதையே.

கூடிப் பேசும் இவ்வழக்கத்தை மேலைநாட்டுத் தொலைக்காட்சி தந்தது என்று கருதுவோர் உண்டு. அங்கும் அது வலிமையாக இருந்ததை மறுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1966 முதல் 1971 வரை வந்த ‘டார்க் ஷேடோஸ்’ என்னும் பகல்நேரத் தொடரில் 1967இல் பர்னபாஸ் காலின்ஸ் என்னும் இரத்தக்காட்டேரி நுழைந்தான். சிறிது காலமே வந்துபோக வேண்டிய பாத்திரம் அது. தொலைந்த காதலியைப் பிற்காலத்துப் பெண்ணொருத்தியிடம் தேடும் அவன் துயரம் பார்வையாளரைப் பிடித்துக்கொண்டது; அவர்கள் விருப்பத்தால் அவனே தலைமகன் ஆனான். 1993இல் தொடங்கிய ‘தி எக்ஸ் ஃபைல்ஸ்’ தொடரின் சுவைஞர்களோ, இரு முதன்மைப் பாத்திரங்களும் காதலராக வேண்டும் என்று விரும்பியவர்களைச் சுட்டத் தனிச்சொல்லே படைத்துக்கொண்டனர். உறவு என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் வாலை நறுக்கி ‘ஷிப்’ என்றார்கள். இன்று அச்சொல் உலகெங்கும் மாணவர் வாயில் புழங்குகிறது. அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நம்மிடம் கேட்பவர்களும் உண்டு. குழு அமைத்துச் சொல் படைக்க வேண்டிய இடம் இதுவன்று என்பது நம் கருத்து. ‘சேர்த்து வைப்பது’ என்று நம் பாட்டிமார் சொல்கிறார்கள். ‘சோடி சேர்ப்பது’ என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். இருக்கிற சொல்லே நன்றாக இருக்கிறது.

யார் யாருக்கு உரியவர் என்னும் வழக்கைப் பேய் ஒன்று தொடங்கி வைப்பது நம் மரபிலேயே உண்டு. வேதாளக் கதைகளை நினைவுகூருங்கள். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா இதழால் அவ்வடிவம் பல தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பழகிப்போனது. முருங்கை மரத்திலிருந்து இறக்கித் தோளில் சுமக்கப்படும் வேதாளம் கதை சொல்லி முடித்ததும் ஒரு வினாவை நீட்டும். அவ்வினாக்களுள் சில, தொடர் பார்த்தவர்கள் மறுநாள் கேட்கும் வினாக்களே. ஒரு பெண்ணை மூவர் விரும்பினர். அவள் இறந்தாள். ஒருவன் சுடுகாட்டிலேயே அவள் சாம்பலின்மேல் படுத்துக் கிடந்தான். ஒருவன் எலும்பை எடுத்துக்கொண்டு கங்கைக்குப் போனான். ஒருவன் ஊரூராய் அலைந்து, இறந்தாரை எழுப்பும் மந்திரத்தைக் கற்று வந்தான். அவள் உயிர்பெற்று எழுந்தாள். யாருக்கு மனைவி? உயிர் தந்தவன் தந்தையாவான், எலும்பைக் கங்கையில் சேர்த்தவன் மகனாவான், சாம்பலைத் தழுவிக் கிடந்தவனே கணவன் என்பது அரசன் விடை. இது வடமொழியில் 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் தொகுத்த கதைக்கடலிலும் உண்டு. தலைகள் மாறிப்போன இருவருள் யார் கணவன் என்னும் மற்றொரு வேதாள வினாவையோ 1940இல் தாமஸ் மான் செருமன் மொழியில் குறுநாவலாக்கினார். கிரீஷ் கர்னாட் 1971இல் ‘ஹயவதனா’ நாடகமாக்கினார்.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. மூவர் வாதமும் கேட்கப்படுகிறது. அவள் யாரை விரும்பினாள் என்று வேதாளமும் கேட்கவில்லை, அரசனும் கேட்கவில்லை. இன்றைய மாணவியர் முதலில் கேட்பது அதைத்தான். இந்த ஒரு மாற்றத்துக்காகவே அவர்கள் பேச்சை நாம் மதிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

அக இலக்கணத்துக்கு வருவோம். களவிலும் கற்பிலும் பேசத்தக்கவர் யார் யார் என்று தொல்காப்பியம் வகுத்தது. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்னும் வரிசையில் கண்டோர் என்று ஒரு கூட்டத்தார் வருகின்றனர். உடன்போக்கில் பாலைவழியே செல்லும் இருவரை எதிர்ப்படும் வழிப்போக்கர்கள் அவர்கள். காதலர் அவர்களுக்கு உறவினரும் அல்லர், அறிமுகமானவரும் அல்லர். ஆயினும் நின்று பார்க்கிறார்கள், இரங்குகிறார்கள், தமக்குள் பேசிக்கொள்கிறார்கள், பின்னால் தேடி வரும் செவிலிக்கு ஆறுதலும் சொல்கிறார்கள். தமக்குத் தொடர்பில்லாத இருவரின் காதலைக் கண்டு மனம் நெகிழ்ந்து பேசுவோர்க்கு இலக்கணத்திலேயே இடம் தந்த மொழி நம்முடையது. தொலைக்காட்சிமுன் அமர்ந்திருக்கும் நேயரைக் கண்டோர் என்று அழைப்பதில் மிகை ஏதும் இல்லை.

ஊராரின் பேச்சுக்கும் நம்மிடம் இரு சொற்கள் உள்ளன. வாய்க்குள் முணுமுணுக்கப்படுவது அம்பல். வெளிப்பட்டுப் பரவுவது அலர். முன்னதை அரும்புக்கும் பின்னதை மலருக்கும் ஒப்பிட்டு விளக்குவது உரை மரபு. அலர் வெறும் பழிப்பேச்சு அன்று. அது மிகுந்தால் தலைவன் வரைவுக்கு விரைவான் என்பதால் கதையை நகர்த்தும் விசையும் ஆகும். பர்னபாஸைத் தலைமகன் ஆக்கியதும் ஒருவகை அலரே. ஒருதலைக் காதலுக்குக் கைக்கிளை, பொருந்தாக் காதலுக்குப் பெருந்திணை என்ற பெயர்களும் உள்ளன. அகப்பாட்டில் காதலர்க்கு இயற்பெயர் சுட்டப்படுவதில்லை என்னும் விதியையும் நினையுங்கள். பெயரில்லாத அவ்விடத்தில் கேட்பவர் எவரும் தம்மையோ தாம் விரும்பும் இருவரையோ வைத்துப் பார்க்கலாம்.

இனி மணிமேகலை. பேய்த்தொடரின் எல்லா உறுப்புகளும் ஒருங்கே அமைந்த காப்பியம் அது என்றால் புலவர் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். உதயகுமரன் சோழ இளவரசன், மணிமேகலையைப் பின்தொடர்கிறான். உவவனத்தில் அவன் தன்னை இழித்துப் பேசியிருந்தும் தன் நெஞ்சம் அவன்பின் சென்றதை அவளே சுதமதியிடம் ஒப்புக்கொள்கிறாள். தெய்வம் அவளை மணிபல்லவத்துக்கு எடுத்துச் செல்கிறது. அங்கே முற்பிறப்பு தெரிகிறது: இலக்குமியாய் இருந்த அவளுக்கு இராகுலன் என்னும் பெயரோடு கணவனாய் இருந்தவன் இவனே. அவள் துறவுக்கு உரியவள், அவனோ விடுவதாயில்லை. வேற்றுரு எடுக்கும் மந்திரத்தால் காயசண்டிகை என்னும் பெண்ணின் வடிவத்தை எடுக்கிறாள். அந்தக் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் என்னும் விஞ்சையன். முனிவர் சாபத்தால் தீராப் பசி பற்றிய மனைவியைப் பன்னிரண்டு ஆண்டு கழித்து அழைத்துச் செல்ல வந்தவன், மனைவி உருவில் நிற்பவள் தன்னைப் பாராமல் இளவரசனோடு பேசக் காண்கிறான். அவள் பேசியது யாக்கை நிலையாமை. அவன் கண்டது காதல். இரவில் வாள் வீசப்படுகிறது, உதயகுமரன் இறக்கிறான்.

அதன்பின் மணிமேகலை அழுகிறாள். தன் வடிவம் எய்தி, முற்பிறப்புக் கணவனே என்று அரற்றி அவனிடம் செல்லத் துணிகிறாள். கந்திற்பாவை தடுக்கிறது. இவ்விடத்தை வகுப்பில் நாம் எப்படிக் கற்பிக்கிறோம்? வினைப்பயன் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அவள் அவனைக் காதலித்தாளா என்று மாணவர் கேட்டால் பாடத்துக்குப் புறம்பு என்கிறோம். அது புறம்பு அன்று. காப்பியத்தின் உள்ளே நின்றே அவ்வினாவுக்கு இரு விடை சொல்லலாம். இரண்டுக்கும் மேற்கோள் உண்டு. உவவனத்தில் சொன்னது ஒருபுறம், உருமாறி அறம் உரைத்து விலக்கியது மறுபுறம், அழுதது இவ்விரண்டுக்கும் நடுவில். வெண்ணிலாவுக்காக வாதாடப் பழகிய ஒரு மாணவிக்கு இந்த வாதம் கைவந்த கலை. நாம் வாசலைத் திறந்துவிட்டால் போதும்.

காயசண்டிகையைப் பற்றியும் ஒரு சொல். மணிமேகலையின் அமுதசுரபியால் பசி தீர்ந்த அவள், கணவன் வருமுன்பே வான்வழியே வீடு திரும்புகையில் விந்த மலையைக் காக்கும் விந்தாகடிகையின் வயிற்றில் அடங்கிப்போகிறாள். பன்னிரண்டு ஆண்டு பசித்தவள்! கணவன் அவளைத் தேடுகிறான், அவள் உருவத்துக்காகக் கொலையும் செய்கிறான், அவளோ அவ்வூரிலேயே இல்லை. அவளுக்காக அழுவோர் காப்பியத்தில் அரியர். அவள் பக்கம் பேச இளையோர் முன்வருவார்கள் என்று நாம் நம்புகிறோம்; துணைப்பாத்திரத்தின் கட்சியை எடுத்துக்கொள்வது அவர்களுக்கு மிகவும் பிடித்தமானது.

இப்போது நம் மாநிலத்துக்குத் திரும்புவோம். தங்காக் வட்டாரத்தில் 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கும் குனோங் லேடாங் மலையின் இளவரசி கதையை இங்குள்ள மாணவர் அனைவரும் மலாய் வழியே கற்றிருப்பீர்கள். மலாக்காவின் சுல்தான் மகமுது அவளை மணக்க விரும்புகிறான். துன் மாமாட் மலையேறிப் போகிறார். மலைக்கும் மலாக்காவுக்கும் இடையே பொன்னாலும் வெள்ளியாலும் பாலங்கள், தட்டுத்தட்டாய்க் கொசுவின் ஈரல், கன்னியர் கண்ணீர், இறுதியில் சுல்தான் மகனின் குருதி என்று நிபந்தனைகள் வருகின்றன. மறுப்பு என்ற சொல்லைச் சொல்லாமலே அவள் மறுத்தாள். செஜாரா மெலாயு சொல்லும் கதை இது. ஆனால் 2004இல் சா தியோங் ஹின் இயக்கிய திரைப்படத்தில் அவள் ஹாங் துவாவைக் காதலிக்கிறாள், எம். நாசிரும் தியாரா ஜாக்குலினாவும் நடித்தனர். ஆஸ்கார் பரிசுக்கு மலேசியா முதன்முதலாக அனுப்பிய படமும் அதுவே. பழங்கதை தனியே விட்டிருந்த பெண்ணுக்குப் பிற்காலத்தார் ஒரு காதலனைச் சேர்த்து வைத்தார்கள். அது அவளுக்குச் செய்த நன்மையா, அவள் தனிமையின் பெருமையைக் குறைத்ததா என்பது நல்ல வழக்கு. நமக்கு இரண்டாவது கட்சியே சரியெனப்படுகிறது. எதிர்க்கட்சியினர் படத்தை மீண்டும் பார்த்துவிட்டு வரட்டும்.

அரசன் ஒருவனின் ஆசைக்கு இணங்காத இரு பெண்கள், இருவரும் மாந்தர்க்கு இயலாத ஆற்றல் உடையவர்கள். ஒருத்தி உருமாறி விலகினாள், மற்றவள் நிபந்தனை விதித்து விலகினாள். மணிமேகலையையும் லேடாங் இளவரசியையும் அருகருகே வைத்து எழுதும் வாய்ப்பு சென்னை மாணவர்க்கு எளிதில் வாய்க்காது. ஜொகூர் மாணவர்க்கு இரண்டும் வீட்டுச் சொத்து. மலாய்ப் பேய்ப்படங்களின் ஊற்றிலும் நமக்கு உறவு உண்டு: 1957இல் மரியா மெனாடோ நடித்த ‘பொந்தியானாக்’ படத்தை இயக்கியவர், இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ்.

நம் கவலைக்கு வருவோம். நாடு முழுவதும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை பன்னிரண்டு வயதில் தமிழ்வழிக் கல்வியை விட்டு வெளியேறுகிறது. இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு பாடம் மட்டுமே. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால்தான் அதற்கும் வழி. பிள்ளைக்குக் காதல் என்றால் என்ன, பொறாமை என்றால் என்ன, ஒருவரை விட்டுக்கொடுப்பது என்றால் என்ன என்று பேசத் தோன்றுவது அதற்குப் பின்னர்தான். அதாவது, நெஞ்சில் உள்ளதைப் பேச மொழி தேவைப்படும் வயதில் தமிழ் வகுப்பு சுருங்கிவிடுகிறது. கையில் இருப்பது ஆறாம் ஆண்டுத் தமிழ். அதில் மரம் தன் வரலாறு கூறும், பேனா தன் வரலாறு கூறும், பெண் தன் நெஞ்சைக் கூறமாட்டாள்.

ஆகவே கதையைத் தமிழில் சொல்லி வருகிற பிள்ளை உணர்ச்சி வரும் இடத்தில் மொழி மாறுகிறது. சித்ரா இறந்ததற்கு இரங்கும்போது ‘கெசியான்’ வருகிறது. சுவேதாவின் பொறாமைக்குச் ‘செம்புரு’ வருகிறது. காதல் எப்போதும் ‘லவ்’வாகவே வருகிறது. மலாய் நம் நாட்டின் மொழி, ஆங்கிலம் தொழிலின் மொழி. அவை வருவதில் நமக்கு வருத்தமில்லை. அந்த இடங்களில் தமிழ்ச்சொல் நாவுக்கு எட்டாமல் போவதே வருத்தம். பரிவு, ஊடல், புலவி, ஏக்கம், கைக்கிளை, அலர் என்று இத்தனை சொற்களை வைத்திருக்கும் மொழிக்கு இந்த வறுமை வரலாமா? சொற்பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பதால் அது தீராது. சொல் தேவைப்படுகிற ஒரு வழக்கு வேண்டும். அவ்வழக்கைப் பிள்ளைகளே நாள்தோறும் கொண்டு வருகிறார்கள்.

தொடர்களில் குறை இல்லை என்று நாம் சொல்லவில்லை. இறந்தும் குடும்பத்துக்கே உழைக்கும் பெண்ணும், அழித்தே தீரவேண்டிய பெண்ணும் என்று இரண்டே அச்சு வைத்திருக்கிறார்கள். நம் பழைய பேய் இன்னும் அறிவுடையதாய் இருந்தது. பழையனூர் நீலி, தன்னைக் கொன்றவனைப் பழிவாங்க அவன் மனைவியாய் வேடமிட்டு வந்தவள். அந்த நீலியை ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசி என்ன செய்தது? முனிச்சந்திரர் என்னும் சமண முனிவரிடம் அறம் கேட்க வைத்து, குண்டலகேசி முதலியோரோடு தருக்கம் புரியும் அறிஞராக்கியது. வாதாடும் பேய்! சின்னத்திரையில் அப்படி ஒன்றை நாம் இன்னும் காணவில்லை. சித்ராவுக்கு ஒரு நாளாவது அவையில் நின்று தன் வழக்கைத் தானே பேச வாய்ப்பளித்திருந்தால் நான்கு ஆண்டும் பார்த்த நேயர்கள் மனம் குளிர்ந்திருக்கும்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் நாம் கேட்பது பெரிதன்று. மாதத்தில் ஒரு பாடவேளை. மாணவர் விரும்பும் ஏதேனும் ஒரு தொடரின் சோடியை அவர்களே தெரிவு செய்யட்டும். ‘எனக்குப் பிடிக்கும்’ என்பது விடையாகாது. எந்தக் காட்சியில், எந்தச் சொல்லால், எந்தச் செயலால் என்று காட்ட வேண்டும். பாத்திரம் செய்வதையும் கதையாசிரியர் செய்விப்பதையும் பிரித்துப் பேச வேண்டும். மொழி கலந்து வந்தால் இடைமறிக்காதீர்கள். பேசி முடித்தபின் அந்த இடத்துக்குரிய தமிழ்ச்சொல்லை எடுத்துக் கொடுங்கள். அடுத்த மாதம் மணிமேகலையின் இருபதாம் காதையையும் இருபத்தொன்றாம் காதையையும் கதையாகச் சொல்லி, அதே வினாவை வையுங்கள். மாணவரைக் கண்டோர், செவிலி, சுதமதி என்று பிரித்து ஒவ்வொருவர் கூற்றாகப் பேசச் செய்யலாம். காயசண்டிகைக்கு ஓர் இடம் ஒதுக்க மறவாதீர்கள்.

மாணவச் செல்வங்களே, இடைவேளைக்குப்பின் நடைபெறும் கலந்துரையாடலுக்கு நாம் வைக்கும் வினா இது: காஞ்சனன் வாளை ஓங்கியபோது காயசண்டிகை அங்கே உண்மையிலேயே வந்து நின்றிருந்தால், அவள் யார் பக்கம் போயிருப்பாள்? விடையைத் தமிழில் சொல்லுங்கள். மணிமேகலை நூற்படி ஒன்றை முன்மேசையில் வைத்திருக்கிறோம்.